கூரை இல்லாத அறை: சார்லஸ் கொரியாவும் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளும்

வெப்ப நாட்டில் வீடு கட்டுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வானத்தை எந்த இடத்தில் உள்ளே விடுவது என்பதைத்தான். சுவரும் கூரையும் அதற்குப் பிறகு. சார்லஸ் கொரியா என்ற இந்தியக் கட்டடக் கலைஞர் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்த வேலையின் சாரம் இதுதான். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாழும் நமக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. சூலியா ஸ்திரீட்டிலோ பினாங்கு ஸ்திரீட்டிலோ பழைய கடைவீடு ஒன்றுக்குள் நுழைந்து முன்கூடத்தைக் கடந்தால் கூரை விலகி, மேலிருந்து வெளிச்சம் இறங்கும். மழையும் அந்த வழியாகவே இறங்கும். தரையில் ஒரு பள்ளம், சுற்றிலும் தாழ்வாரம். நகரத்தார் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கணக்கெழுதியவர்களுக்கு விளக்கில்லாமல் வெளிச்சம் கொடுத்ததும் இத்தகைய திறப்புகளே. காரைக்குடிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் வளர்ந்தவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத இடம்.

அப்படியிருக்க, கொரியாவிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் எது இந்த ஊருக்குப் பொருந்தும், எது பொருந்தாது? உலக மரபுரிமைத் தகுதி பெற்ற பிறகும் நம் முற்றங்கள் ஏன் மூடப்படுகின்றன? இந்தக் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கைக்கும் நமக்கும் உள்ள உறவு விளங்கும்.

கொரியா 1930 செப்டம்பர் 1 அன்று செகந்திராபாத்தில் பிறந்தார். பூர்வீகம் கோவா. பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனார். 1953இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும், 1955இல் எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். மிச்சிகனில் அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரும் ஒருவர். 1958இல் பம்பாயில் சொந்த அலுவலகம் தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்தியாவின் இளம் கட்டடக் கலைஞர்கள் எல்லோருடைய கண்ணும் சண்டிகரில் லெ கொர்புசியே எழுப்பிக்கொண்டிருந்த கான்கிரீட் மலைகளின் மேல்தான் இருந்தது. கொரியாவும் அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அவரை வேறு திசைக்குத் திருப்பியது.

அகமதாபாத்தில், சபர்மதி ஆசிரமத்துக்குள்ளேயே காந்தி நினைவு அருங்காட்சியகம் ஒன்று கட்ட வேண்டும். காந்தி வாழ்ந்த எளிய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் அது அகந்தையாகத் தெரியும் ஆபத்து இருந்தது. கொரியா ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவுள்ள சிறு சதுரங்களை அடுக்கினார். செங்கல் தூண், கல் தரை, ஓட்டுக் கூரை, மரப் பலகைகள் கொண்ட சன்னல். கண்ணாடி கிடையாது. சில சதுரங்கள் மூடிய அறைகள், சில சுவரில்லாத கூடங்கள், சில வெறும் வானம். நடுவில் நீர் நிற்கும் முற்றம். சதுரங்களுக்கு இடையே ஓடும் கான்கிரீட் விட்டங்கள் வாய்க்கால் வடிவில் அமைந்து, கூரையைத் தாங்குவதோடு மழைநீரையும் வாங்கிக் கொண்டுபோகின்றன. பிற்காலத்தில் இடம் போதாமல் போனால் அதே விட்டங்களின் ஓரமாகக் கட்டடம் வளரலாம். 1963இல் நேரு திறந்துவைத்த இந்தக் கட்டடத்துக்கு வாசல் எது, முகப்பு எது என்று சொல்ல முடியாது. ஆசிரமத்தில் நடக்கிறவர் நடந்தபடியே உள்ளே வந்துவிடுவார். கொரியா பின்னால் பெரிய பெரிய வேலைகள் செய்தார். என்னைக் கேட்டால், முப்பது வயதை ஒட்டிய காலத்தில் அவர் செய்த இந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது.

நம் கடைவீட்டுக்கு மிக நெருக்கமான அவருடைய கட்டடம் அதே ஊரில், அதே ஆண்டுகளில் வந்தது. குறைந்த செலவு வீடுகளுக்காகக் குஜராத்தில் நடந்த போட்டி ஒன்றில் அவர் பரிசு பெற்ற 'டியூப் ஹவுஸ்', அதாவது குழாய் வீடு. அகலம் 3.64 மீட்டர், நீளம் 18.2 மீட்டர். இருபக்கமும் அண்டை வீட்டோடு பகிர்ந்த சுவர். வெயில் முன்னும் பின்னும் மட்டுமே படும். வாசல் கதவருகே திருப்பிவிடக்கூடிய பலகைச் சட்டங்கள் வழியாகக் காற்று நுழையும். சூடேறிய காற்று சரிந்த கூரையின் உட்புறத்தைத் தடவிக்கொண்டு மேலேறி முகட்டில் உள்ள திறப்பு வழியே வெளியேறும். அது போன இடத்தை நிரப்பப் புதுக் காற்று கீழே உள்ளே வரும். அறைகளுக்கு இடையே கதவுகள் இல்லை. தரைமட்டத்தை ஏற்றி இறக்கித்தான் தனிமை உண்டாக்கப்பட்டது. நடுவில் சிறு முற்றம். மின்விசிறிக்குக்கூட வழியில்லாத குடும்பம் வெயில் காலத்தைக் கடக்க வேண்டும் என்பது ஒன்றே கணக்கு.

இந்த அளவுகளைப் படித்ததும் ஜார்ஜ் டவுன்காரர் தன் தெருவை நினைக்காமல் இருக்க முடியாது. நம் கடைவீடும் ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடலும் கொண்டது, பக்கச் சுவர் பகிர்ந்தது, நடுவில் திறந்தது. தென்சீனக் கொத்தனாரும் நம்மூர்க் கட்டுமான ஆட்களும் ஆங்கிலேய நகராட்சியின் விதிகளும் சேர்ந்து பல தலைமுறைகளில் வந்தடைந்த தீர்வை, கொரியா ஒரு வரைபடப் பலகையில் தனியாகச் சிந்தித்து அடைந்தார். இதனால் அவர் பெருமை குறையவில்லை. இருவர் வேறுவேறு வழியில் நடந்து ஒரே கிணற்றடிக்கு வந்து சேர்ந்தால், தண்ணீர் அங்கே இருப்பது உறுதி. அவர் தந்தது விளக்கம். பழக்கத்தால் செய்ததை ஏன் செய்கிறோம் என்று அறிந்தால்தான், பழக்கம் மாறும் காலத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரியும். குழாய் வீடு 1995இல் இடிக்கப்பட்டுவிட்டது. படங்களாகவும் வரைபடங்களாகவும் மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அகமதாபாத் வறண்ட வெப்பம் கொண்ட ஊர். இரவில் வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம் குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமித்து வைக்கும். அங்கே 1960களின் பிற்பாதியில் கட்டிய பாரேக் வீட்டில் கொரியா இதை இன்னும் நுட்பமாகப் பிரித்தார். கோடைப் பகலுக்கு ஒரு வெட்டுத்தோற்றம், குளிர்காலத்துக்கும் கோடை மாலைக்கும் இன்னொன்று. குடும்பம் பருவத்துக்கும் பொழுதுக்கும் ஏற்ப வீட்டுக்குள்ளேயே இடம்பெயரும். பினாங்கில் குளிர்காலமும் இல்லை, வறட்சியும் இல்லை. இங்கே ஈரக்காற்று அசைந்துகொண்டே இருந்தால்தான் உடம்புக்குச் சுகம். சபர்மதி முற்றத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே வைத்தால் பாசிதான் படியும்.

கொரியா இதை அறிந்தவர். ஈர நாட்டு வேலைகளில் அவருடைய கை மாறுகிறது. கேரளத்தின் கோவளம் கடற்கரை விடுதியை மலைச்சரிவிலேயே படியச் செய்தார். போர்ட் பிளேரில், நம் அந்தமான் கடலின் மறுகரையில், பே ஐலண்ட் ஹோட்டலைச் சரிவில் இறங்கும் தளங்களாகவும் அவற்றின் மேல் பெரிய மரக்கூரைகளாகவும் அமைத்தார். அங்கே சுவரின் வேலை குறைவு. கூரையே கட்டடம்.   

ஈரக் காற்றுக்கு அவர் தந்த மிகப் புகழ்பெற்ற பதில் மும்பையின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி. 1970இல் தொடங்கி 1983இல் முடிந்தது. 28 மாடி, 32 வீடுகள், 21 மீட்டர் சதுர அடித்தளம். மும்பையில் கடற்காற்றும் கடலின் அழகும் மேற்கில். பிற்பகல் வெயிலும் தென்மேற்குப் பருவமழையும் அதே மேற்கிலிருந்துதான் வரும். காற்றை வாங்கினால் மழையும் சேர்ந்து வரும், மழையைத் தடுத்தால் காற்றும் நின்றுபோகும். பழைய பங்களாக்கள் இந்தச் சிக்கலை அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் வைத்துத் தீர்த்தன. நம் ஊரின் சஃபோக் மாளிகையைப் பார்த்தாலே அந்த உத்தி புரியும். கொரியா அந்தத் தாழ்வாரத்தை வானத்தில் தூக்கி வைத்தார். ஒவ்வொரு வீட்டின் மூலையிலும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தோட்டத் தளம். வெயிலையும் சாரலையும் அது வாங்கிக்கொள்ள, அதற்குப் பின்னால் அறைகள் பாதுகாப்பாக இருக்கும்.

அதே 1970களில் பினாங்கிலும் ஒரு கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. கொம்தாரை வடிவமைத்த லிம் சோங் கீட் இந்த ஊரில் பிறந்தவர், கொரியாவைப் போலவே எம்.ஐ.டி.யில் படித்தவர், ஃபுல்லரின் நண்பர். கொம்தார் வளாகத்தில் உள்ள குவிமாட மண்டபம் ஃபுல்லரின் முறையில் அமைந்தது. ஒரே ஆசானோடு பழகிய, ஏறத்தாழ ஒரே வயதினரான இருவர் ஒரே காலத்தில் ஆசியாவின் இரு துறைமுக நகரங்களில் உயரத்தை நோக்கிப் போனார்கள். ஆனால் இரண்டு கோபுரங்களும் விடை தேடியது ஒரே கேள்விக்கு அல்ல. கட்டி முடித்தபோது கொம்தார் 65 மாடி. அரசு அலுவலகமும் கடைகளும் பேருந்து நிலையமும் சேர்ந்த புதிய நகர மையம். அதற்காகப் பழைய தெருக்களின் பெரும் பகுதி அகற்றப்பட்டது. நகரை நவீனமாக்குவது எப்படி என்பது அதன் கேள்வி. மேலே ஏறிய பிறகும் தரையில் இருந்த சுகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது காஞ்சன்ஜங்காவின் கேள்வி. பினாங்கின் வடகரையில், கர்னி டிரைவ் முதல் தஞ்சோங் தோக்கோங் வரை பிறகு முளைத்த உயர்மாடிகளில் பல இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது என் வருத்தம். கடலைப் பார்த்த கண்ணாடி, அதன் பின்னால் இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனம், துணி காயப்போட மட்டும் போதுமான பால்கனி.

காஞ்சன்ஜங்கா பணக்காரர்களின் வீடு என்ற குறை நியாயமானது. கொரியாவே அந்தக் குறையைத் தன் வாழ்நாளின் பெரும் பகுதியால் ஈடுசெய்ய முயன்றார். 1960களின் நடுவில் பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் ஆகியோரோடு சேர்ந்து, பம்பாயின் நெரிசலுக்கு விடையாக வளைகுடாவின் மறுபக்கத்தில் புதிய நகரம் ஒன்றை முன்மொழிந்தார். அரசு அதை ஏற்றது. அதைக் கட்ட 1970இல் சிட்கோ நிறுவனம் உருவானது. நவி மும்பை எனப் பெயர் பெற்ற அந்த நகரின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கொரியா 1974 வரை இருந்தார். பிறகு 1980களின் நடுவில் தேசிய நகரமயமாக்கல் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்.

இந்த ஆண்டுகளில் அவர் வளர்த்தெடுத்த கருத்துதான் பினாங்குக்கு மிகவும் வேண்டியது என்று நினைக்கிறேன். வெப்ப நாட்டில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை நான்கு சுவருக்குள் முடிவதில்லை. சமைக்கவும் உறங்கவும் பொருளை வைக்கவும் தனி இடம் வேண்டும். பிள்ளைகள் விளையாடவும் அண்டை வீட்டாரோடு பேசவும் வாசற்படி வேண்டும். தண்ணீர்க் குழாயடி போல அக்கம்பக்கத்தார் கூடும் இடம் வேண்டும். கடைசியாக, ஊர் முழுவதற்குமான திடல். இந்த நான்கில் ஒன்றில் தாராளம் இருந்தால் மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம். ஆகவே திறந்தவெளியும் சிமெண்ட், இரும்பு போன்ற ஒரு கட்டுமானப் பொருள்தான், ஏழைக்கு அதுவே மிக மலிவான அறை. அடுக்குமாடி வீடு இந்த நான்கில் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் பறித்துக்கொள்கிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

அதை அவர் செய்துகாட்டிய இடம் நவி மும்பையின் பேலாப்பூர். 1983க்கும் 1986க்கும் இடையில், சுமார் 5.4 ஹெக்டேர் நிலத்தில் கட்டியது. ஏழு வீடுகள் எட்டு மீட்டர் சதுர முற்றம் ஒன்றைச் சுற்றி நிற்கும். அப்படிப்பட்ட மூன்று கூட்டங்கள் சேர்ந்து பன்னிரண்டு மீட்டர் முற்றத்தைச் சூழும். அவை சேர்ந்து அதைவிடப் பெரிய வெளியைச் சூழும். மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டர் வரை. வருமானத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் நிலத்தில் இரண்டு மடங்கு வேறுபாடுகூட இல்லை என்பது தற்செயலாக வந்ததல்ல. எந்த வீடும் அண்டை வீட்டோடு சுவரைப் பகிரவில்லை, ஏனென்றால் குடும்பம் பெருகும்போது யாரையும் கேட்காமல் அறை சேர்க்க முடிய வேண்டும். கட்டும் முறையும் உள்ளூர்க் கொத்தனாருக்குக் கைவந்ததுதான். இன்று அங்கே பழைய ஓட்டு வீடுகள் பலவற்றின் இடத்தில் கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு மாறட்டும் என்றே அவர் அதை அப்படி வடிவமைத்தார். முற்றங்கள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் இன்னும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உண்மையான குறை வேறொன்று. நில விலை ஏறியதும் ஏழைகளின் மனைகள் வசதியுள்ளவர்களின் கைக்குப் போயின. அதைத் தடுக்கும் வல்லமை எந்த வரைபடத்துக்கும் இல்லை.

நம் ஆயர் ஈத்தாம் பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்களை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960களின் இறுதியில், ஆயத்தப் பலகங்களைக் கொண்டு விரைவாகக் கட்டப்பட்ட ஒன்பது பெரிய தொகுதிகள். நாட்டின் முதல் மலிவுவிலை உயர்மாடிக் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நல்ல தண்ணீரும் மின்சாரமும் கழிப்பறையும் தந்த அந்த வேலையை நான் இழிவாகப் பேச மாட்டேன். குடிசையில் இருந்தவருக்கு அது பெரிய ஏற்றம். ஆனால் வீட்டை வளர்க்க வழியில்லை, வாசற்படி என்பது பொது நடைபாதை, மண் என்பது பதினைந்து மாடிக்குக் கீழே. அங்கே வாழ்ந்த மக்கள் நடைபாதையிலேயே செடித் தொட்டி வைத்து, நாற்காலி போட்டு, விழாக் காலத்தில் கோலமும் போட்டுத் தங்கள் வாசலைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கொரியா சொன்ன இரண்டாவது இடத்துக்கான தேவை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த இரண்டாவது இடம் கடைவீட்டுத் தெருவில் ஏற்கெனவே இருக்கிறது: அஞ்சடி. கூரையுள்ள, நிழலுள்ள, கடைக்காரருக்கும் நடப்பவருக்கும் பொதுவான அந்த நடைவழி திண்ணையின் வேலையைச் செய்கிறது. பூக்கட்டுகிறவர், செய்தித்தாள் படிப்பவர், மழைக்கு ஒதுங்குகிறவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. கொரியாவின் கருத்தை இந்த ஊருக்குத் திருத்தி எழுத வேண்டிய இடமும் இதுவே. மும்பையின் மழை நான்கு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும், மற்ற மாதங்களில் வெட்டவெளியில் பாய் விரித்துப் படுக்கலாம். பினாங்கில் எந்த மாதத்தையும் நம்ப முடியாது. அதனால் இங்கே முழுதும் திறந்த திடலைவிட, வானம் தெரியும் ஆனால் தலை நனையாத விளிம்புகளுக்கே மதிப்பு அதிகம். கடைவீட்டின் உள்திறப்பு சிறிதாகவும், அதைச் சுற்றிய தாழ்வாரம் அகலமாகவும் இருப்பதன் காரணம் அதுதான். மூடிய அறைக்கும் திறந்த வானத்துக்கும் இடைப்பட்ட இடங்களைப் பற்றிக் கொரியாவும் நிறையப் பேசியிருக்கிறார். அந்தப் பக்கங்களையே நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலக் கொரியாவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1980களிலிருந்து அவர் மண்டலம், நவக்கிரகம், வாஸ்து புருஷன் என்று குறியீடுகளின் பக்கம் சாய்ந்தார். ஜெய்ப்பூரின் ஜவகர் கலா கேந்திரம் ஒன்பது சதுரங்கள் கொண்டது. நகரின் பழைய அமைப்பில் குன்றுக்காக ஒரு சதுரம் விலகியது போல இங்கும் ஒன்று விலகி நிற்கிறது. போபாலின் சட்டமன்றக் கட்டடம் 1998இல் ஆகா கான் விருது பெற்றது. அழகான வேலைகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் சபர்மதியில் பொருள் தானாக ஊறியது, ஜெய்ப்பூரில் அது எடுத்துச் சொல்லப்படுகிறது. வெயிலும் காற்றும் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் சில நூறு மீட்டருக்குள் நிற்கும் நம் ஊருக்கு, குறியீட்டைவிட அந்தப் பொதுமையே உதவும். போபாலின் பாரத் பவன் இதில் நடுவழி. ஏரியை நோக்கிச் சரியும் நிலத்தில் முற்றம் முற்றமாக இறங்கிப் போகும் அந்தக் கலைக்கூடத்தில் எந்தப் புராணமும் தெரிய வேண்டியதில்லை, கால் போகும் வழியே போதும்.

1984இல் பிரித்தானிய அரச தங்கப் பதக்கம், 2006இல் பத்ம விபூஷண் எனப் பட்டங்கள் நிறைய வந்தன. பட்டங்களைவிட அவருடைய தோல்வி ஒன்று நமக்குப் பாடமாகும். மும்பையின் நடுவில் மூடிக்கிடந்த பஞ்சாலைகளின் நிலத்தை என்ன செய்வது என்று ஆராய 1996இல் அமைக்கப்பட்ட குழு அவர் தலைமையில் இயங்கியது. அப்போதைய விதிப்படி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. துண்டு துண்டாகப் போகாமல் எல்லா நிலத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றது குழு. 2001இல் விதி திருத்தப்பட்டு, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் பங்கீடு என்றானது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நகரத்துக்கு வந்திருக்க வேண்டிய வெளி கோபுரங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறியது.

ஜார்ஜ் டவுனில் இதற்கு நேர்மாறான வழியில் அதே முடிவு வந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் ஏழைக் குடும்பங்களையும் சிறு தொழில்களையும் தங்கவைத்திருந்தது. 2000 ஜனவரியில் அந்தப் பாதுகாப்பு முற்றிலும் நீங்கியதும் வாடகை ஏறியது, மக்கள் வெளியேறினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து உழவாரன் குருவிகளைக் கூட்டுக்காக வளர்த்தார்கள். மரபுரிமைப் பகுதியிலிருந்து அவற்றை வெளியேற்ற மாநில அரசு பின்னர் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. 109 ஹெக்டேர் அளவுள்ள மையப் பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியும் காக்கப்படுகின்றன. முகப்புகள் அழகாகப் பூசப்படுகின்றன. ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்முற்றம் தெரியாது. விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறும் வீடுகளில் குளிர்சாதனம் வைத்தவுடன் திறப்பு தடையாகிவிடுகிறது. கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ அதன் மேல் வந்துவிடுகிறது. மேலே மூடியதும் சூடு போக வழியின்றி நிற்கிறது, சூடு நிற்பதால் இன்னொரு குளிர்சாதனம் வருகிறது. வெளியே மரபுரிமை, உள்ளே அடைத்த பெட்டி.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு இதே ஊரில் சான்று இருக்கிறது. லெய்த் ஸ்திரீட்டில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் குழுவினரும் மீட்டெடுத்தபோது, அதன் 38 அறைகளையும் 220 சன்னல்களையும் மட்டுமன்றி ஐந்து முற்றங்களையும் உயிரோடு வைத்தார்கள். மழை அங்கே இன்னும் வீட்டுக்குள் விழுகிறது. 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது அதற்குக் கிடைத்தது. அது பெருஞ்செல்வரின் மாளிகை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே வேலை செய்யும் இயற்பியல், ஐந்து மீட்டர் அகலக் கடைவீட்டிலும் அதேதான்.

கடைவீட்டைப் புதுப்பிக்க அனுமதி கேட்பவரிடம் முகப்பின் வரைபடத்தோடு, வாசலிலிருந்து பின்சுவர் வரை வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் வரைபடத்தையும் கேட்டு, முதலில் அதையே பார்க்க வேண்டும். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, மழை எங்கே விழுந்து எந்த வழியாக வடிகிறது என்று அதில் அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். சபர்மதிக்கும் குழாய் வீட்டுக்கும் காஞ்சன்ஜங்காவுக்கும் கொரியா வரைந்தவை அப்படிப்பட்ட வரைபடங்களே. அவருடைய ஆவணத் தொகுப்பை 2013இல் லண்டனில் உள்ள பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்துக்குக் கொடுத்தார். 2015 ஜூன் 16 அன்று மும்பையில் காலமானார்.